பாணலிங்கமும் நர்மதையும்

வணக்கம் ஐயா,

அப்பா காலமான பிறகு அவருடைய பஞ்சாயதன பூஜைப் பெட்டி, அதாவது ஐந்து தெய்வங்களைக் கற்களாக வைத்து வணங்கும் பெட்டி, என்னிடம் வந்திருக்கிறது. அதில் சிவனாக வைத்திருக்கும் பாணலிங்கக் கல் நர்மதையில் தானாக உருவானது என்பார் அப்பா. கடையில் விசாரித்தால், எல்லாமே பட்டறையில் தீட்டியவை என்கிறார்கள். எது உண்மை? தீட்டிய கல் என்றால் பூஜிக்கலாமா?

வ., கும்பகோணம்

அன்புள்ள வ.,

இரண்டிலுமே உண்மை இருக்கிறது. பாணலிங்கங்களில் பல குவார்ட்ஸ் வகைக் கற்கள், நல்ல உறுதியானவை. வெள்ளம் அவற்றைப் பாறைகளின் மேல் உருட்டி உருட்டியே முட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்தது. மத்தியப் பிரதேசத்தின் பகாவான் கிராமத்தில் ஆற்றுக்கல்லை எடுத்து உருக்கொடுத்து மெருகேற்றும் குடும்பங்களும் இருக்கின்றன. உங்கள் கல்லை வெயிலில் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம் கோணலும் மங்கிய பளபளப்புமாக இருந்தால் பெரும்பாலும் ஆறு செய்தது. அப்படி இல்லாவிட்டாலும் தாராளமாகப் பூஜிக்கலாம். நர்மதையின் கூழாங்கல் ஒவ்வொன்றும் சங்கரன் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. பாணலிங்கத்துக்குப் பிரதிஷ்டையே வேண்டாம் என்பதும் அதனால்தான்.

அதே பெட்டியில் பிள்ளையாராக ஒரு சிவப்புக் கல் இருக்குமே, அது சோன் நதியின் சோணபத்ரக் கல். இரு நதிகளின் பிறப்பிடத்தையும் அமர்கண்டக் மலையில்தான் வணங்குகிறார்கள். சோனை மணக்கவிருந்த நர்மதை, தன் தோழி ஜோஹிலாவிடம் அவன் மனம் மாறியதை அறிந்து, கோபித்து மேற்கே திரும்பிவிட்டாள் என்பது கதை. சோன் கிழக்கே போய்க் கங்கையில் கலக்கிறது. நர்மதை விந்தியத்துக்கும் சாத்பூராவுக்கும் நடுவே நிலம் பிளந்து தாழ்ந்த பள்ளத்தாக்கில் 1,312 கிலோமீட்டர் ஓடி, பரூச்சைத் தாண்டிக் காம்பத் வளைகுடாவில் சேர்கிறது. பிரிந்துபோன அந்த இருவரும் கும்பகோணத்தில் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கங்கையில் நீராடினால் உடனே புனிதம், நர்மதையைக் கண்டாலே புனிதம் என்கிறது மத்ஸ்ய புராணம். நர்மதைக் கரையிலுள்ள ஓங்காரேஸ்வரம் ஜோதிர்லிங்கத் தலம். ஆனால் பரிக்ரமா, அதாவது நதியையே வலம்வரும் யாத்திரை, போகிறவர்களுக்கு நதி முழுவதுமே கோயில். ஆற்றை வலப்பக்கமாகவே வைத்துக்கொண்டு, எங்கும் குறுக்கே கடக்காமல் கடல்வரை நடந்து, முகத்துவாரத்தைப் படகில் சுற்றி, மறுகரை வழியாகத் திரும்புகிறார்கள். எதிரே வருகிறவரை "நர்மதே ஹர்" என்று வாழ்த்துகிறார்கள்.

அந்த நடைவழியின் பகுதிகள் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. இந்திரா சாகர் அணைக்காக 2004இல் ஹர்சூத் என்ற ஊரே காலியானது. சர்தார் சரோவர் நீர்த்தேக்கம் பழைய சூலபாணேஸ்வரர் கோயிலை மூழ்கடித்தது. 2017இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அந்த அணையின் உயரம் 138.68 மீட்டர். கட்ச் வரை குடிநீர் போகிறது, அந்தப் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் தேங்கிய நீர் கல்லை உருட்டாது. லிங்கத்தைத் தேடித் தேடி வாங்குகிற நாம், அதைச் செய்யும் ஓட்டம் நின்றுபோனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

வடக்கே போக வாய்த்தால் ஓங்காரேஸ்வரத்தோடு திரும்பிவிடாதீர்கள். ஜபல்பூருக்கு அருகே பேடாகாட்டில் தூவாந்தார் அருவியில் விழுந்த நர்மதை, பளிங்குப் பாறைகளை அறுத்துக்கொண்டு போகிறாள். நீர் கல்லை என்ன செய்யும் என்பதை அங்கே நேரில் பார்க்கலாம்.