வாகைக்குளம் விமான நிலையத்துக்கு பஸ்

நெல்லையிலிருந்து வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்துக்குப் போக பஸ் ஏறியபோது, நடத்துநர் "வாகைக்குளம் டிக்கெட் கிடையாது" என்றார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த பஸ்ஸை விட்டுவிடுங்கள்; வழியில் நின்று போகும் சாதாரணத் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறுங்கள். நடத்துநர் அப்படிச் சொன்னதற்குக் காரணம், பெரும்பாலும் அது இடைநில்லாப் பேருந்தாக இருந்ததுதான். முன்கண்ணாடிப் பலகையில் 'இடைநில்லா' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், படியில் கால் வைக்கும் முன்பே "வாகைக்குளத்தில் நிற்குமா?" என்று கேட்டுவிடுங்கள்.

ஒன்று கவனம்: பஸ் நிற்பது நான்குவழிச் சாலையில். முனையம் உள்ளே தள்ளி இருக்கிறது. வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். அம்மாவும் வருகிறார் என்கிறீர்களே, அப்படியானால் பாளையங்கோட்டையிலேயே கார் பேசிவிடுங்கள். அவரை நடக்க விடாதீர்கள்.

கார் என்றால் வழியில் முறப்பநாட்டையும் பார்த்துவிடலாம். தாமிரபரணிக் கரையில் கைலாசநாதர் கோயில். நவகைலாயங்கள் எனப்படும் ஒன்பது சிவத்தலங்களில் இது குரு தலம். படித்துறையில் அம்மா கால் நனைக்கட்டும். நடுப்பகலில் மட்டும் போகாதீர்கள், நடை சாத்தியிருக்கும்.