மூத்தோர் குடியிருப்பில் வீடு: கிரயத்துக்கு முன் விற்கும் ஷரத்தைப் படியுங்கள்

கேள்வி: எனக்கு 67 வயது, மனைவிக்கு 62. வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றுக் காரைக்குடிக்குப் பக்கத்தில் சொந்த ஊரில் இருக்கிறோம். மகன் சிங்கப்பூரில், மகள் பெங்களூரில். பெரிய வீட்டில் எங்கள் பங்கைப் பங்காளி ஒருவர் எடுத்துக்கொள்ள முன்வந்திருக்கிறார். அந்தப் பணத்தோடு சேமிப்பையும் சேர்த்து, கோவைப் பக்கம் மூத்தோர் குடியிருப்பு ஒன்றில் 60 லட்ச ரூபாய்க்கு வீடு வாங்கலாம் என்று இருக்கிறோம். 'பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம், விலை ஏறிக்கொண்டேதான் போகும்' என்கிறார் அங்கே விற்பனையைக் கவனிப்பவர். நம்பி இறங்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்:

ஐயா, வீடு வாங்குங்கள், தவறில்லை. 'எப்போது வேண்டுமானாலும் விற்கலாம்' என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள்.

அது ஏன் என்பது உங்கள் பெரிய வீட்டைப் பார்த்தாலே விளங்கும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு மறு தெருவில் என்று நீளும் வீடு. தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் என்று எதிலும் குறை இருக்காது. ஆனாலும் உங்கள் பங்கைக் கேட்டு வந்தவர் பங்காளி ஒருவர்தான். பிரிபடாத குடும்ப வீட்டில் வெளியாள் ஒருவர் பங்கு வாங்கினால், உள்ளே வந்து கூட்டாகக் குடியிருக்கும் உரிமையைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு அவருக்குத் தருவதில்லை. பாகப்பிரிவினை வழக்குப் போட்டுத்தான் அவர் தன் பாகத்தைப் பார்க்கமுடியும். அதனால் வாங்க வருகிறவர் குறைவு, அந்தச் சிலர் சொல்வதே விலை.

மூத்தோர் குடியிருப்பு வீடும் இதே கதைதான். கணவன் மனைவியில் ஒருவருக்காவது 55 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களில் விதி, சில இடங்களில் 50. அந்த வயதில் வீட்டுக்கடன் கிடைப்பது அரிது. 70, 75 வயதுக்குள் தவணை முடிகிறதா என்றுதான் வங்கி பார்க்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே வாங்க வருகிறவர் மூத்தவராகவும் கையில் முழுப்பணம் வைத்திருப்பவராகவும் அந்த ஊரில்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தவராகவும் இருக்கவேண்டும். அதே கட்டுநர் பக்கத்து மனையில் அடுத்த கட்டத்தை விற்றுக்கொண்டிருந்தால், உங்களுக்கு முதல் போட்டியே அவர்தான். புது வீடும் தவணைச் சலுகையும் அவரிடம் இருக்கும், உங்களிடம் இருப்பது பல வருடப் பழைய வீடு.

எனவே முதலில் படிக்கவேண்டியது கிரயப் பத்திரம் அல்ல, சேவை ஒப்பந்தம். விளம்பரத் தாளோடு அதைத் தரமாட்டார்கள். முன்பணம் கொடுத்த பிறகுதான் காட்டுவோம் என்றால் அந்த இடமே வேண்டாம். கையில் கிடைத்ததும் மறுவிற்பனை பற்றிய பக்கத்தைத் திருப்புங்கள். வாங்குபவரை நீங்களே தேடலாமா, நிர்வாகம் மூலமாகத்தான் விற்கவேண்டுமா? முதலில் நிர்வாகத்துக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று முன்னுரிமை எழுதியிருந்தால், எத்தனை நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லவேண்டும், எந்த விலைக்கு எடுப்பார்கள்? நாள் குறிக்காத முன்னுரிமை மிகவும் ஆபத்தானது. வந்த ஆள் காத்திருந்து சலித்துப் போய்விடுவார். பெயர் மாற்றக் கட்டணம் விற்கும் விலையில் சதவீதமா, சதுர அடிக்கு இவ்வளவா, நிலையான தொகையா? தடையின்மைச் சான்று எந்தக் காரணத்துக்காக மறுக்கப்படலாம்? நீங்கள் கட்டும் டெபாசிட் திரும்ப வருமா? கார்பஸ் நிதி, அதாவது பொதுச் செலவுக்கென்று தொடக்கத்தில் வாங்கி வைக்கும் தொகை, பொதுவாக வராது, வீட்டோடு அடுத்தவருக்குப் போய்விடும். விலை பேசும்போது அதையும் சேர்த்தே பேசவேண்டும்.

பலரும் பார்க்காமல் விடும் ஷரத்து, காலி வீட்டுக்கான பராமரிப்பு. உங்கள் காலத்துக்குப் பின் பிள்ளைகளுக்கு வீடு போகும், ஆனால் 55 ஆகும்வரை அவர்கள் அங்கே குடியிருக்க முடியாது. விற்கும்வரை வீடு பூட்டியே கிடந்தாலும் மாதப் பராமரிப்பு நிற்காது. சாப்பாட்டுப் பணம் மட்டும் நிற்கும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 லட்சத்துக்குத் தனி வீடு அல்லது மறுவிற்பனை வீடு வாங்கினால், தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் மாற்றுத் தீர்வையும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 5.40 லட்சம். புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனையில் தீர்வை சற்றுக் குறையும், ஆனால் கட்டி முடிப்பதற்கு முன் வாங்கினால் 5 சதவீத ஜிஎஸ்டி வந்து சேரும். நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. எட்டு வருடம் கழித்து அதே 60 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். பெயர் மாற்றக் கட்டணம் 2 சதவீதம் என்றால் 1.20 லட்சம், தரகு 1 சதவீதம் என்றால் 60 ஆயிரம், 18 மாதம் காலியாகக் கிடந்ததற்கு மாதம் 10,000 வீதம் 1.80 லட்சம், வெள்ளையடிப்பு, குழாய், கழிவறைப் பழுது என்று ஒரு லட்சம். கைக்கு வருவது 55.40 லட்சம், போட்டது 65.40 லட்சம். விலை இறங்காமலே பத்து லட்சம் போகிறது. எட்டு வருடத்துக்கும் பங்கிட்டால் மாதம் சுமார் 10,400 ரூபாய், அதாவது வாடகை கொடுத்தது போல. அந்தப் பணம் வைப்பில் இருந்து தந்திருக்கக்கூடிய வட்டி இதில் சேரவில்லை. அதனால் அந்தக் குடியிருப்பில் அதே அளவு வீட்டுக்கு வாடகை என்ன என்று கட்டாயம் கேளுங்கள்.

மாதச் செலவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பராமரிப்பை உரிமையாளர் சங்கமே நடத்தினால் உறுப்பினருக்கு மாதம் 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி விலக்கு. ஒரு கம்பெனி நடத்தினால் அந்த விலக்குக் கிடையாது, 18 சதவீதம் சேரும். ஆண்டு உயர்வுக்கு உச்சவரம்பு எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இன்று சாப்பாடும் சேர்த்து இருவருக்கு 25,000 ஆகிறது என்றால், ஆண்டுக்கு 8 சதவீத உயர்வில் ஒன்பதாவது ஆண்டு முடிவில் 50,000 ஆகும். ஓய்வூதியம் அந்த வேகத்தில் ஏறாது.

இனி எதை வாங்குகிறீர்கள் என்பது. மூத்தோர் குடியிருப்பு என்ற ஒரே பெயரில் மூன்று வகை நடக்கிறது. கிரயப் பத்திரம் எழுதி, நிலத்தில் பிரிபடாத பாகத்தோடு தருவது ஒன்று. நீண்ட காலக் குத்தகை இன்னொன்று. பெருந்தொகை வைப்பாகக் கட்டி ஆயுள்வரை குடியிருந்து, போகும்போது வருடத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு மீதியை வாங்கிக்கொள்வது மூன்றாவது. மூன்றாவதில் விற்க எதுவுமே இல்லை, அந்த நிறுவனம் நல்ல நிலையில் இருக்கும்வரைதான் உங்கள் பணமும். நீங்கள் பூர்வீகப் பங்கைக் கொடுத்துவிட்டுப் போவதால் முதல் வகையை மட்டும் பாருங்கள். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண், தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, திட்ட அனுமதி, நிறைவுச் சான்று இவற்றை ஒரு வழக்கறிஞர் பார்க்கட்டும். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக்கூடாது என்பது 2016ஆம் ஆண்டு ரெரா சட்டம். சாப்பாட்டுக்கூடம், மருத்துவ அறை, பூங்கா ஆகியவை யார் பெயரில் இருக்கின்றன என்றும் கேளுங்கள். அவை கட்டுநரின் சொத்தாகவே இருந்தால், சேவை பிடிக்காதபோது சங்கம் ஆளை மாற்ற முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் வீட்டுக்கு விலை நிற்காது.

விலை ஏறிக்கொண்டே போகிறதா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். பதிவுத்துறை இணையதளத்தில் அந்த மனையின் புல எண்ணைப் போட்டு வில்லங்கத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கமுடியும். கட்டுநர் எழுதிக்கொடுத்த முதல் கிரயங்களை ஒதுக்கிவிட்டு, உரிமையாளர் மறு உரிமையாளருக்கு எழுதியவற்றை மட்டும் எண்ணுங்கள். பத்து வருடத்தில் எத்தனை, எழுதிய தொகை என்ன என்பது தெரிந்துவிடும். நூறு வீட்டில் இரண்டு மூன்றுதான் கைமாறியிருக்கிறது என்றால், யாரும் விற்க விரும்பவில்லையா, விற்க முடியவில்லையா என்று அங்கே குடியிருப்பவர்களிடம் விசாரியுங்கள். மாலை ஏழு மணிக்கு எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது, காலைப் பலகாரத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதும் நல்ல அளவுகோல்.

உங்கள் பங்கை விற்கும் பக்கத்திலும் கவனம் வேண்டும். பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்பது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம். பத்திரத்தில் இருவரும் கையெழுத்திடட்டும். மூலதன ஆதாய வரியும் அதற்கேற்பப் பிரியும், ஆகவே பத்திரம் எழுதுமுன்பே ஆடிட்டரைப் பாருங்கள். பழைய சொத்து என்பதால் 2001 ஏப்ரல் 1ஆம் தேதி மதிப்பை அடக்கவிலையாக வைக்கலாம். ஆனால் அது அந்நாளைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. அந்த மதிப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். வரி பொதுவாக 12.5 சதவீதம். 2024 ஜூலை 23க்கு முன் கிடைத்த சொத்து என்பதால், இந்தியாவில் வசிக்கும் நீங்கள் விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். ஆதாயத்தை இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கப் போட்டால் விலக்கு. அப்படி வாங்கிய வீட்டை மூன்று ஆண்டுக்குள் விற்றால் அந்த விலக்கு பறிபோகும். 'பிடிக்காவிட்டால் விற்றுக்கொள்ளலாம்' என்றவர் இதைச் சொல்லியிருக்கமாட்டார்.

பங்கைக் கொடுத்தாலும் முன்னோருக்கான படைப்புக்கும் பிள்ளையார் நோன்புக்கும் பெரிய வீட்டு வளவில் வந்து கூடும் உரிமையைப் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சு இந்தத் தலைமுறையோடு போய்விடும். உங்கள் அறையில் இருக்கும் கதவு, பெட்டகம், பித்தளைச் சாமான் எவை விலையில் சேர்த்தி, எவை உங்களுடையவை என்றும் பட்டியல் இணையுங்கள். இல்லாவிட்டால் அவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில்தான் கண்ணில் படும்.

புது வீட்டை இருவர் பெயரிலும் வாங்குங்கள். ஆனால் வங்கிக் கணக்கைப் போல 'இருவரில் எவரேனும்' என்பது வீட்டுக்குக் கிடையாது. உயில் இல்லாமல் நீங்கள் முந்திக்கொண்டால், உங்கள் பாதி, மனைவியான ஆச்சிக்கும் பிள்ளைகளுக்கும், உங்கள் தாயார் இருந்தால் அவருக்கும் சமமாகப் பிரியும். அதன்பின் ஆச்சி விற்கவேண்டுமானால் எல்லோர் கையெழுத்தும் வேண்டும். ஒருவருக்கொருவர் உயில் எழுதிப் பதிவு செய்யுங்கள். மகன் வெளிநாட்டில் வசிப்பவராகவே இருந்து பின்னாளில் விற்றால், வாங்குபவர் 50 லட்சமும் அதற்கு மேலுமான விலைக்கு வழக்கமாகப் பிடிக்கும் 1 சதவீதத்தோடு நிற்காது. 12.5 சதவீதமும் அதற்கு மேல் கூடுதல் தீர்வையும் பிடித்துக் கட்டவேண்டும். குறைந்த பிடித்தத்துக்கு வருமான வரித்துறையில் முன்கூட்டியே சான்று வாங்கினால் பணம் முடங்காது. அவர் அனுப்பும் பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும். பெங்களூர் மகளுக்கு அந்த வீட்டை எழுதிவைத்தால் இவை இரண்டுமே இல்லை. மகனுக்கு வேறு சொத்தால் ஈடு செய்யலாம்.

வீட்டுக்குள் பார்க்கவேண்டியவை: நிலைப்படி இல்லாத வாசல், சக்கர நாற்காலி நுழையக் குளியலறைக் கதவில் 90 சென்டிமீட்டர் அகலம், ஈரத்தில் வழுக்காத தரை, ஸ்ட்ரெச்சர் நுழையும் லிஃப்ட், அதற்கு ஜெனரேட்டர். இவை உங்களுக்குப் பயன்படுவதோடு நாளைக்கு விற்கும்போதும் முதலில் கேட்கப்படும். ஒருவர் படுத்த படுக்கையானால் அதே வீட்டில் ஆள் வைத்துப் பார்க்க விடுவார்களா, தனிப் பிரிவுக்கு மாறச் சொல்வார்களா என்பதும் சேவை ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும்.

எங்கள் யோசனை இதுதான். பங்கை விற்கும் முன்பே அதே குடியிருப்பில் மூன்று மாதம் வாடகைக்கு இருங்கள், அதில் ஒரு மாதமாவது ஐப்பசி மழையில் அமையட்டும். இரண்டு பேருக்கும் பிடித்திருந்தால் புதுக் கட்டடத்தை விட்டுவிட்டு, ஐந்தாறு வருடமாக நடக்கும் குடியிருப்பில் ஏற்கெனவே ஒருவர் விற்க வைத்திருக்கும் வீட்டைக் கேளுங்கள். விற்பவரின் பிள்ளைகள் மாதாமாதம் காலி வீட்டுக்குப் பராமரிப்புக் கட்டிக்கொண்டிருப்பார்கள், விலை படியும். பெயர் மாற்றத்துக்கு நிர்வாகம் எத்தனை நாள் எடுக்கிறது, என்ன கேட்கிறது என்பதையும் உங்கள் கிரயத்திலேயே பார்த்துவிடுவீர்கள். விற்பவரின் பராமரிப்பு பாக்கி இல்லை என்ற கடிதம் கைக்கு வந்த பிறகு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நாள் குறியுங்கள்.