ஆஃப்ரிகான்ஸை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கணவரின் பணி காரணமாகக் கோயம்புத்தூரிலிருந்து கேப் டவுனுக்குக் குடிவந்திருக்கிறோம். எட்டு வயது மகளுக்குப் பள்ளியில், தென்னாப்பிரிக்க மொழிகளுள் ஒன்றான ஆஃப்ரிகான்ஸும் உண்டு. வீட்டில் நானும் உடனிருந்து சொல்லிக்கொடுக்க விரும்புகிறேன். “நிறவெறி அரசின் மொழி, அது எதற்குக் குழந்தைக்கு?” என்கிறார் மாமனார். எப்படித் தொடங்குவது, வரலாற்றை எவ்வளவு சொல்வது?
– வாசகி, கேப் டவுன்

பதில்: தங்கள் மாமனார் சொல்வது பொய்யன்று, ஆனால் அது அம்மொழியின் பின்பாதிக் கதை. முன்பாதி சமையலறையில் தொடங்குவதால், பாடத்தையும் அங்கேயே தொடங்குங்கள். வாழைப்பழத்துக்குப் ‘பீசாங்’, சிறு தட்டுக்குப் ‘பீரிங்’ என்ற சொற்கள் மலாய் மொழியிலிருந்து வந்தவை. பூச்சிக்கு ‘ஹோகா’ என்ற சொல் கொய்கொய் மக்கள் தந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் கேப்பில் கால்பதித்த பிறகு, அம்மண்ணின் கொய்கொய் மக்களும், இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர், இலங்கை, வங்காளம், நம் சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும், குடியேறிகளும் தமக்குள் பேசிப் பேசி உருமாற்றிய டச்சே ஆஃப்ரிகான்ஸ். அதன் பழைய எழுத்துகளுள் சில, 19ஆம் நூற்றாண்டில் கேப் முஸ்லிம்கள் அரபி எழுத்தில் எழுதியவை. ஒரு விடுமுறை நாளில் மகளைப் போ-காப் பகுதிக்கு அழைத்துச் சென்று அம்மக்களின் தெருக்களைக் காட்டினால், இந்தப் பாதிக்குத் தனிப் பாடம் தேவைப்படாது.

இலக்கணம் பயமுறுத்தாது. ‘எக் ப்ராட்’ (நான் பேசுகிறேன்), ‘யெய் ப்ராட்’ (நீ பேசுகிறாய்), ‘ஹெய் ப்ராட்’ (அவன் பேசுகிறான்) என, பேசுபவர் நானோ நீயோ அவனோ, வினைச்சொல் மாறுவதில்லை. பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால் பெண்பால் தொல்லையும் இல்லை. எதிர்மறையில் மட்டும் ‘நி’ என்பது பெரும்பாலும் இருமுறை வரும்: ‘எக் ப்ராட் நி எங்கல்ஸ் நி’ என்றால் ‘நான் ஆங்கிலம் பேசுவதில்லை’. தொண்டையிலிருந்து எழும் அந்த ‘க’வைப் பழக்க நம் ஆய்த எழுத்து உதவும். நாட்டுப்பண்ணில் ஐந்து மொழிகள் இருக்கின்றன. பள்ளியில் மகள் பாடும் அதன் ஆஃப்ரிகான்ஸ் வரிகளையே முதல் வாசிப்பாகவும் கொள்ளலாம்.

பின்பாதியை மறைக்க வேண்டாம். 1925இல் ஆட்சிமொழியான ஆஃப்ரிகான்ஸ், 1948க்குப் பின் நிறவெறி அரசின் கருவியானது. கறுப்பினக் குழந்தைகள் கணக்கு உள்ளிட்ட பாடங்களையும் அம்மொழியில்தான் படிக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியபோது, 1976 ஜூன் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவில் மாணவர்கள் ஊர்வலம் சென்றனர், காவல்துறை சுட்டது, இறந்தவர்களுள் ஒருவன் பன்னிரண்டு வயது ஹெக்டர் பீட்டர்சன். அந்நாள் இன்று இளைஞர் தினமாகப் பொதுவிடுமுறை, ‘ஏன் லீவு?’ என்று மகள் கேட்பாள். எட்டு வயதுக்கு, தெரியாத மொழியில் படிக்கச் சொன்னதைப் பிள்ளைகள் எதிர்த்தார்கள், அதற்காகச் சுடப்பட்டார்கள் என்ற அளவு போதும். 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை மாமனார் அறிந்திருப்பாரானால், இதைச் சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் வீட்டில் இல்லை. மறுப்பவரையே ஆசிரியராக்கிவிடுவது நல்ல உத்தியும்கூட.

ஓர் எச்சரிக்கை. இன்று இம்மொழியைப் பேசுவோரில் பெரும்பான்மையினர் வெள்ளையர் அல்லர். தங்கள் நகரத்தில் காதில் விழும் ‘காப்ஸ்’ வழக்கு பாடநூலிலிருந்து நன்றாகவே விலகும். விளையாட்டுத் தோழர்களிடமிருந்து மகள் அதைக் கற்றுவந்தால் திருத்தாதீர்கள். நூல்நடை தேர்வுத்தாளில் இருந்தால் போதும்.