சயமீஸ் ட்ரீம் ஆல்பத்தின் கிட்டார் சத்தத்தை சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டிலேயே கொண்டுவர முடியுமா?

முடியும். பிக் மஃப் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஃபஸ்) பெடல் வாங்கியும் அந்தக் கனம் வரவில்லையா? பெடல்மேல் பழி போடாதீர்கள். ஒரே டேக்கில் (ஒருமுறை வாசித்த பதிவில்) அதை எதிர்பார்ப்பதுதான் கோளாறு.

1993-இல் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் ராக் குழுவைத் தூக்கிவிட்ட இந்த இரண்டாம் ஆல்பத்தின் தயாரிப்பாளர் புட்ச் விக் (நிர்வாணாவின் நெவர்மைண்டும் இவர் கைவேலைதான்). அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மேரியட்டாவில், டேப்பில் பதிவு. குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான பில்லி கோர்கன் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்து அடுக்கினார். அவரிடம் இருந்தது ஆப்-ஆம்ப் சிப் வகை பிக் மஃப், மார்ஷல் ஜேசிஎம்800 ஆம்ப், லேஸ் சென்சார் பிக்கப் (கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) போட்ட ஸ்ட்ராட் கிட்டார். அந்த ஆப்-ஆம்ப் பெடலை எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் 2017-இல் சின்னப் பெட்டியாக மறுபடி வெளியிட்டது.

புளோக்கில் மார்ஷலைத் திறந்துவிட்டால் மேல்மாடிக்காரர் கதவைத் தட்டுவார். அதனால் கிட்டார், பெடல், ஆடியோ இன்டர்ஃபேஸ், கணினியில் ஜேசிஎம்800 சாயல் ஆம்ப் பிளகின், கடைசியாக 4×12 கேபினட் ஐஆர் (நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டியின் ஒலிச் சாயலைத் தரும் கோப்பு) என்ற வரிசையில் இணையுங்கள். கேபினட்டை விட்டுவிட்டால் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

பெடலின் சஸ்டெயின் (கரகரப்பின் அளவு) குமிழைத் தனியாகக் கேட்கும்போது முழுக்கத் திருப்பத்தான் கை போகும். நான்கு டிராக் சேர்ந்ததும் எல்லாம் கூழ். கடிகாரத்தில் 12 மணி அளவே தாராளம். டிரம்ஸ் வந்ததும் கிட்டார் காணாமல் போகிறதா? மிட் (நடு அதிர்வெண்) பகுதியில் பள்ளம் விழுந்திருக்கிறது. பெடலில் டோன் சுவிட்ச் இருந்தால் பைபாஸில் போடுங்கள், அல்லது ஆம்பில் மிட்டை ஏற்றுங்கள்.

இரண்டு டேக்கை இடது, வலது கோடிக்கு அனுப்பிவிட்டு, வேறு பிக்கப்பில் இன்னும் இரண்டை வாசித்து, பக்கத்துக்கு ஒன்றாக, கோடிக்குப் போகாமல் 60 சதவீதத் தூரத்தில் வையுங்கள். ஒரு டேக்கையே காப்பி செய்து இரு பக்கமும் போட்டால் நடுவில் ஒரே கிட்டாராகத்தான் கேட்கும். கை தவறும் அந்தச் சில மில்லிவினாடிதான் அகலத்தைத் தருகிறது.

ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் டியூன் பாருங்கள். ஏர்கானைப் போட்டாலும் அணைத்தாலும் கம்பி விலகும். தனியாகக் கேட்டால் தெரியாத விலகல் அடுக்கில் அலையடிக்கும்.

அமெரிக்காவிலிருந்து பெடல் வரவழைத்தால் கூட 120 வோல்ட் அடாப்டர் வந்தாலும் அதை இங்குள்ள 230-இல் செருகாதீர்கள். 9 வோல்ட், நடுமுனை மைனஸ் அடாப்டர் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கிட்டார் கடைகளில் கிடைக்கும். இரைச்சலை எளிதில் இழுக்கும் சாதாரண சிங்கிள் காயில் பிக்கப் என்றால் பதிவின்போது லேப்டாப்பை விட்டுத் தள்ளி, இரைச்சல் குறையும் பக்கம் திரும்பி உட்காருங்கள்.