மகன் கேமை விட்டு எழ மாட்டேன் என்கிறான், மொத்தமாகத் தடை போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. பள்ளி விட்டு வந்ததும் தினமும் 2, 3 மணி நேரம் ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறான். நிறுத்தச் சொன்னால் கத்துகிறான். படிப்பு பரவாயில்லை. முரடனாகிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. அடியோடு நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்தக் கத்தலைப் பார்ப்போம். இந்த மாதிரி கேம்களில் ஒரு மேட்ச் 20, 30 நிமிடம்கூட ஓடும், நடுவில் நிறுத்தி வைக்க வழி கிடையாது, டீமில் கூட ஆடுகிறவர்கள் இருப்பார்கள், இவன் பாதியில் எழுந்தால் அவர்களும் தோற்பார்கள், சில கேம்களில் அப்படிப் போனவரைக் கொஞ்ச நேரம் திரும்ப ஆட விடவும் மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து நாம் போய் "உடனே அணை" என்கிறோம். அதற்குப் பதிலாக "இந்த மேட்ச் முடிய எவ்வளவு நேரம்? சரி, அதோடு எழுந்துவிடு" என்று சொல்லிப் பாருங்கள், சண்டை நிறையக் குறையும்.

வன்முறை பற்றி. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் 1000 பேரை வைத்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், சண்டை கேம் ஆடும் நேரத்துக்கும் பிள்ளையின் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொன்னது இன்னும் கவனமானது: கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சின்னத் தொடர்பு உண்டு, ஆனால் நிஜ வன்முறைக்கு கேமைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை.

நல்லதும் இருக்கிறது. வேகமான ஆக்‌ஷன் கேம் ஆடுகிறவர்களுக்குப் பார்வைக் கவனம் கூர்மையாக இருப்பதை 2003லேயே காட்டினார்கள். அதனால் கணக்கில் மதிப்பெண் ஏறும் என்று நான் சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய லாபம் நட்புதான், இந்த வயதில் பல பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவதே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டுதான்.

நான் கவலைப்படுவது இரண்டு விஷயத்துக்கு. ஒன்று தூக்கம். 13 முதல் 18 வயதுக்கு 8லிருந்து 10 மணி நேரம் தேவை, கேம் முதலில் கை வைப்பது அதில்தான். ராத்திரி போன் படுக்கையறைக்குள் போகக் கூடாது, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், உங்கள் போனும் வெளியே இருக்கட்டும். இன்னொன்று பணம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ், எப்போது பரிசு விழும் என்று தெரியாததால்தான் திரும்பத் திரும்ப இழுக்கிறது, சூதாட்ட இயந்திரமும் இப்படித்தான் ஆளைப் பிடிக்கிறது. பெல்ஜியம் 2018லேயே காசு வாங்கும் லூட் பாக்ஸைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. உங்கள் கார்டு அவன் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால் இன்றே நீக்குங்கள்.

சரி, அடிமைத்தனமா என்று எப்படித் தெரியும்? உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் 'கேமிங் கோளாறு' நடைமுறையில் இருக்கிறது. அவர்கள் மணிக்கணக்கு பார்ப்பதில்லை. கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட கேமே முக்கியமாகிவிடுவது, வாழ்க்கை கெட்டாலும் தொடர்வது, இந்த மூன்றும் பொதுவாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகன் அங்கே இல்லை. பள்ளிக்குப் போக மறுத்தாலோ, நண்பர்களை ஒதுக்கினாலோ ஒரு வருடம் காத்திருக்காதீர்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், இந்த வாரம் ஒரு நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முழு மேட்ச் பாருங்கள். நடுவில் அறிவுரை சொல்லாதீர்கள். கேம் எந்தெந்த இடத்தில் காசு கேட்கிறது என்று மட்டும் அவனையே காட்டச் சொல்லுங்கள்.