40 மெயில் கணக்குக்கு மைஎஸ்கியூஎல் தேவையில்லை

புதிய முகவரிக்கு மெயில் வரவில்லை, கணக்குப் பட்டியலை டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸுக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். கிண்டி அலுவலகத்தில் 40 கணக்குதான் என்றால் டெக்ஸ்ட் ஃபைலே போதும், மாறாதீர்கள். புதிதாகச் சேர்த்த முகவரிக்கு மட்டும் ‘550 யூசர் அன்நோன்’ (அப்படி ஒரு பயனர் இல்லை) என்ற பிழை வருவதற்கு டேட்டாபேஸ் மருந்தல்ல.

மெயிலை வாங்கிச் சேர்க்கும் போஸ்ட்ஃபிக்ஸ், ஹாஷ் வகை மேப்பில் (எந்த முகவரிக்கு எந்த மெயில்பாக்ஸ் என்ற பட்டியல்) நீங்கள் திருத்தும் ஃபைலைப் படிப்பதில்லை. போஸ்ட்மேப் என்ற கட்டளை அதிலிருந்து உண்டாக்கும் டிபி ஃபைலைத்தான் படிக்கும். வரியைச் சேர்த்தபின் போஸ்ட்மேப் ஓட்டாமல் விட்டிருப்பீர்கள். மெயில் படிப்பதற்கான லாகினைக் கவனிக்கும் டவ்காட் தன் பாஸ்வேர்டு ஃபைலை நேரடியாகப் படிப்பதால் லாகின் ஆகிறது, மெயில் மட்டும் வருவதில்லை. குழப்பம் அங்கேதான்.

1. போஸ்ட்மேப்பை ‘-கியூ’ (-q, தேடிப் பார்க்கும் ஆப்ஷன்) கொடுத்து, அந்த முகவரியோடு ஓட்டுங்கள். ஒன்றும் அச்சாகாவிட்டால் டிபி ஃபைல் பழசு.
2. போஸ்ட்மேப்பை மறுபடி ஓட்டி, அதே சோதனையைச் செய்யுங்கள். மெயில்பாக்ஸ் பாதை திரும்பி வர வேண்டும்.

பாஸ்வேர்டு ஃபைலின் அனுமதி 640 (உரிமையாளர் எழுதலாம், குழு படிக்க மட்டும், மற்றவர்களுக்கு இல்லை), உரிமையாளர் ரூட், குழு டவ்காட் என்று இருக்கட்டும். இதை மறந்துவிடாதீர்கள்.

ஊழியர்கள் பாஸ்வேர்டைத் தாங்களே வெப்பில் மாற்ற வேண்டும், அல்லது இரண்டு சர்வருக்கு ஒரே பட்டியல் வேண்டும் என்ற நிலை வந்தால் மைஎஸ்கியூஎல் சரி. ஆனால் அது நின்றால் போஸ்ட்ஃபிக்ஸ் 451 (தற்காலிகப் பிழை) சொல்லி எல்லா மெயிலையும் தள்ளிப்போடும். போஸ்ட்ஃபிக்ஸின் வழக்கமான ப்ராசஸ் வரம்பு அதன் ஒவ்வொரு சேவைக்கும் 100, மைஎஸ்கியூஎல்லின் இணைப்பு வரம்பு 151. ஒவ்வொரு ப்ராசஸும் தனி இணைப்பு திறந்தால் நெருக்கடிதான். அதனால் மேப்புக்கு முன்னால், இணைப்புகளைப் பகிர்ந்துகொள்ள வைக்கும் ‘ப்ராக்ஸி:’ கட்டாயம் சேருங்கள்.