டாப்பெட் செட்டிங்கை இறுதியாண்டு புராஜெக்டாக எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். என்ஜின் வால்வின் முனைக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியை, அதாவது கிளியரன்ஸை, சரிசெய்வதுதான் டாப்பெட் செட்டிங். ஆட்டோமொபைல் டிப்ளமோ மாணவருக்குக் கைக்கு எட்டுகிற தலைப்பு இது. ஆனால் "கிளியரன்ஸை மாற்றினோம், புகை மாறியது" என்று முடித்துவிட்டால் நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே திணறுவீர்கள். சர்வீஸ் டயக்னோசிஸ், புகைப் பரிசோதனை, என்ஜின் டெஸ்டிங் என எந்த வேலைக்குப் போனாலும் கேட்பது ஒன்றுதான்: ஏன் மாறியது?

வால்வு தண்டு சூட்டில் நீளும். அதற்கு இடம் விட்டுத்தான் ராக்கர் ஆர்முக்கும் வால்வு முனைக்கும் நடுவே இடைவெளி வைக்கிறார்கள். பல கார் என்ஜின்களில் குளிர்ந்த நிலையில் இன்டேக் வால்வுக்கு (கலவை உள்ளே வரும் வழி) 0.15 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கும்; எக்ஸாஸ்ட் வால்வு (எரிந்த வாயு வெளியேறும் வழி) அதிகம் சூடாவதால் அதற்குக் கொஞ்சம் கூடுதல். உங்கள் என்ஜினுக்குரிய அளவை சர்வீஸ் மேனுவலில் மட்டும் பாருங்கள்.

இடைவெளி குறைந்தால் வால்வு முன்னதாகத் திறந்து தாமதமாக மூடும்; இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் (ஓவர்லாப்) கூடும். ஐடிலில் (வண்டி நின்று என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) இன்டேக் மேனிஃபோல்டில் (கலவை வரும் குழாயில்) வெற்றிடம் அதிகம் என்பதால் எரிந்த வாயு திரும்பி வந்து புதுக் கலவையைக் கெடுக்கும். சில சுற்றுகளில் பெட்ரோல் எரியாமலே வெளியேறும், எச்.சி. (எரியாத ஹைட்ரோகார்பன்) அளவு ஏறும். இன்னும் இறுகினால் வால்வு சீட்டில் (மூடும்போது அது உட்காரும் வளையத்தில்) முழுதாக உட்காராது, கம்ப்ரஷன் கசியும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட் வழியாகத்தான் இறக்குகிறது. அந்தத் தொடர்பு போனால் ஓரம் கருகிவிடும். இதெல்லாம் சத்தமில்லாமல் நடக்கும் என்பதுதான் மோசம். இடைவெளி கூடி டாப்பெட் 'டக் டக்' என்று அடிக்கிற வண்டியை உடனே பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். இறுகிப்போன வண்டிக்கு 'ஸ்மூத்தா ஓடுது' என்று பாராட்டு கிடைக்கும்.

இடைவெளி கூடித் தளர்ந்தால் வால்வு திறக்கும் உயரமும் (லிஃப்ட்) திறந்திருக்கும் நேரமும் குறையும். அதிக ஆர்.பி.எம்.மில் சிலிண்டர் சரியாக நிரம்பாது, பவர் இறங்கும். ஐடிலில் எச்.சி. கொஞ்சம் குறையவும் கூடும். அதைப் பார்த்து 'தளர்வே நல்லது' என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள்.

என்ஜினைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் உள்ளதில் செட் செய்ய எதுவுமில்லை. ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வகையில் ஒவ்வொரு அளவுக்கும் ஷிம் மாற்ற வேண்டும். ஸ்க்ரூவும் லாக் நட்டும் உள்ள பழைய கார்புரேட்டர் என்ஜினே வசதி. அதிலும் மிக்சர் ஸ்க்ரூவையும் இக்னிஷன் டைமிங்கையும் தொடக் கூடாது, ஏனென்றால் சி.ஓ.வை (கார்பன் மோனாக்சைடை) பெரும்பாலும் முடிவு செய்வது கலவைதான். ஆக்சிஜன் சென்சார் உள்ள என்ஜினில் இன்னொரு சிக்கல். மிஸ்ஃபயரில் (கலவை சரியாகப் பற்றாத சுற்றில்) எரியாமல் வரும் ஆக்சிஜனைப் பார்த்துக் கலவை லீன் (பெட்ரோல் குறைவு) என்று நினைத்து ஈ.சி.யு. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் கூட்டிவிடும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்தால் அதற்கு முன்னாலேயே சாம்பிள் எடுங்கள். பின்னால் எடுத்தால் வித்தியாசம் பெருமளவு மறைந்துவிடும்.

என்ஜின் முழுக்க ஆறியபின், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் முடிவில் பிஸ்டன் டி.டி.சி.யில் (மேல் உச்சியில்) இருக்கும்போது செட் செய்யுங்கள். அப்போது அந்த சிலிண்டரின் இரண்டு ராக்கரும் லேசாக ஆடும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) மெல்லிய உரசலோடு நகர வேண்டும். லாக் நட்டை முறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பிவிடும் என்பதால், முறுக்கியபின் மறுபடி கேஜ் வையுங்கள். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2 என்றால், 1-ஆம் சிலிண்டரை முடித்தபின் கிராங்கை அரைச் சுற்று திருப்பினால் 3-ஆம் சிலிண்டர் செட் செய்யும் நிலைக்கு வரும்.

மேனுவல் அளவு, அதிலிருந்து 0.05 கூடுதல், 0.10 கூடுதல், 0.05 குறைவு என நான்கு செட்டிங் போதும். குறைத்த நிலையில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். ஒவ்வொன்றிலும் ஆயில் ஒரே சூட்டுக்கு, சுமார் 80 டிகிரிக்கு, வந்தபின் ஐடிலிலும் 2500 ஆர்.பி.எம்.மிலும் சி.ஓ., எச்.சி., கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் நான்கையும் குறியுங்கள். எச்.சி.யும் ஆக்சிஜனும் சேர்ந்து ஏறி, கார்பன் டை ஆக்சைடு இறங்கினால் மிஸ்ஃபயரைச் சந்தேகியுங்கள். சைலன்சரில் ஓட்டை இருந்தாலும் ஆக்சிஜன் பொய்யாக ஏறும், அதை முதலில் அடைத்துவிடுங்கள். ஒவ்வொரு செட்டிங்குக்கும் என்ஜின் மறுபடி ஆற வேண்டும், ஆகவே ஒரு நாளைக்கு ஒன்று என்றே அட்டவணை போடுங்கள்.

மின்வண்டிக் காலத்தில் என்ஜின் புராஜெக்ட் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அசையவிடாமல் அளக்கத் தெரிந்தவருக்கு பேட்டரி டெஸ்டிங்கிலும் இடமுண்டு என்று சொல்லுங்கள். நேர்முகத்துக்குப் போகும்போது அளவீட்டு அட்டவணையோடு, கணக்கில் சேராமல் விட்ட ரீடிங்குகளையும் அவற்றின் காரணத்தையும் எடுத்துப் போங்கள்.